நாலு குட்டி அப்பா

அந்தப் போட்டோக் கடையில் அவளுக்குப் பெயர் ஸ்கேன் அக்கா. பத்தொன்பது வருஷமாக ஒரே ஸ்கேனருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அதையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மூடியைத் திறந்து, படத்தைக் குப்புற வைத்து, மூடிவிட்டுப் பட்டனை அழுத்தினால், அந்தக் கிழட்டு மிஷின் ஒரு படத்துக்கு நாற்பது விநாடி எடுத்துக்கொள்ளும். மற்றவர்களாக இருந்தால் அந்த நாற்பது விநாடியில் கொட்டாவி விடுவார்கள், இல்லையென்றால் எதிர்க்கடையை வேடிக்கை பார்ப்பார்கள். அக்கா படித்தாள். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது எப்படி என்று ஒரு தடிப் புத்தகம். எந்த வாடிக்கையாளரோ மறந்து வைத்துவிட்டுப் போனது. திரும்பி வரவே இல்லை. நாற்பது விநாடிக்கு அரைப் பக்கம். புரியாவிட்டால் அடுத்த நாற்பது விநாடிக்கு அதே அரைப் பக்கம். இப்படியே மூன்று வருஷத்தில் புத்தகத்தை முடித்துவிட்டாள் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். அட்டை போன அந்தப் புத்தகம் இன்றைக்கும் ஸ்கேனருக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு அங்கேயேதான் இருக்கிறது.

முதலில் சின்னச் சின்ன வேலைகள். ஸ்கேன் செய்த படங்களுக்குத் தானாகப் பெயர் வைக்க ஒரு புரோகிராம். கோணலாக வந்த படங்களை நிமிர்த்த ஒன்று. முதலாளிக்கு இதெல்லாம் தெரியும், ஆனால் தெரியாது. அதாவது, வேலை சீக்கிரம் முடிகிறது என்று தெரியும். ஏன் என்று கேட்டதில்லை. அவன் அக்காவைவிடப் பதினெட்டு வயது சின்னவன். கால்சட்டை போட்ட காலத்திலிருந்தே அவனைப் பார்த்தவள் என்பதால், முதலாளியே ஆனாலும் அவளுக்கு அவன் தம்பிதான்.

அந்த வருஷம் ஊர் பஸ் டிப்போவுக்கு ஐம்பது வயது. ஐம்பது வருஷத்தில் அங்கே வேலை பார்த்த ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய முகங்களையும் ஒரே பெரிய பிளெக்ஸில் அடித்து, டிப்போச் சுவர் முழுக்கக் கட்டவேண்டும் என்று டிப்போ மேனேஜர் வந்து கேட்டார். பெரியவர் சின்னவர் பேதமே வேண்டாம், பெயரின் அகரவரிசைப்படி போடுங்கள் என்றார். வரிசைக்கு நாற்பத்தோரு முகம், முப்பத்திரண்டு வரிசை.

முதலாளி தலையைச் சொறிந்தான். "இதுக்கெல்லாம் வெளியில கம்பெனிக்காரங்ககிட்டதான் குடுக்கணும் சார்."

"நான் பண்றேன்" என்று ஒரு குரல் கேட்டது. யாருடா அது என்று எல்லோரும் திரும்பினார்கள். அக்காவும் திரும்பினாள், ஏனென்றால் அது தன் குரல்தான் என்று அவளுக்கே உடனே உறைக்கவில்லை.

அவள் அப்படி வாயை விட்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா அந்த டிப்போவில் முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்.

அப்பாவின் கதை தனி. முப்பத்தோரு வருஷத்தில் டிப்போவில் எத்தனையோ முறை குரூப் போட்டோ எடுத்தார்கள். ஒன்றிலாவது அப்பா இருக்கிறாரா என்றால், இல்லை. போட்டோக்காரர் வரும்போதெல்லாம் அவர் ஏதாவது ஒரு பஸ்ஸுக்கு அடியில் கிடப்பார். கூப்பிட்டாலும், "இந்த ஒரு நட்டு மட்டும்!" என்று உள்ளிருந்து குரல் வரும். நட்டு முடிந்து அவர் வெளியே வரும்போது போட்டோக்காரர் தெருமுனை தாண்டியிருப்பார். வெள்ளி விழாப் படத்தில் மட்டும், வலது ஓரத்தில், ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்துவார். "அந்தக் கால் நான்தான். இடது ஷூவுல லேஸ் அவுந்திருக்கு பாருங்க. எப்பவும் அவுந்துதான் இருக்கும்" என்று பெருமையோடு சொல்வார். பார்க்கிறவர்கள் பாவம், காலைப் பார்த்து என்ன சொல்வார்கள்? ரொம்ப நல்லா இருக்கு என்பார்கள்.

இந்தச் சுவரில்தான் முதல்தடவையாக அப்பாவின் முகம் வரப்போகிறது. ஒன்பதாம் வரிசை, முப்பத்தோராவது இடம். விழா சனிக்கிழமை சாயங்காலம். அப்பா திங்கட்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டார்.

டிப்போவிலிருந்து வந்த படங்கள் மூன்று ரகம். பழைய ஆட்களுக்குக் கறுப்பு வெள்ளை அடையாள அட்டை. நடுவில் சேர்ந்தவர்களுக்குக் கலர் படம். இப்போது இருப்பவர்கள் போனில் எடுத்து, முகத்துக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் வெட்டிவிட்டு அனுப்பிய படம். பார்ப்பதற்கு எல்லாம் படம்தான். கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. அதற்குப் படம் என்றால் புள்ளிகள், புள்ளி என்றால் எண்கள். கலர் படத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று எண்: எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம். பின்னணி வெட்டிய படத்தில் நாலாவதாக ஒன்று சேரும்: இந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியவேண்டுமா, எவ்வளவு தெரியவேண்டும் என்று சொல்கிற எண். கறுப்பு வெள்ளைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஒரு புள்ளிக்கு ஒரே எண், எவ்வளவு வெளுப்பு என்று.

ரகத்துக்கு ஒரு பாத்திரம் வைத்தால் சமைத்து முடியாது என்று அக்கா தீர்மானித்தாள். எல்லாப் புள்ளிக்கும் நாலு அடுக்கு டப்பா. எந்தப் படம் வந்தாலும் அதை ஒரே மாதிரி நாலு அடுக்கில் நிரப்பி, பிறகு சுவரில் அதன் இடத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டியது. நாலு எண் வந்தால் அப்படியே கொட்டு. மூன்று வந்தால் மூன்று அடுக்கில் போட்டு, நாலாவதில் 'முழுசாகத் தெரியட்டும்' என்பதற்கான இருநூற்றைம்பத்தைந்தைப் போடு. யோசனை பிரமாதமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலையில், கடையின் பிளெக்ஸ் மிஷினை ஓட்டுகிற பிரிண்டர்காரர் முதல் மாதிரியைத் தாளில் அடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு வயது ஐம்பத்தைந்து, நாக்கில் எட்டிக்காய்.

"ஏம்மா, இது சுவரா சல்லடையா?"

கோழி கொத்தியது மாதிரி தாள் முழுக்க வெள்ளை ஓட்டைகள். அக்காவின் விரல் நேராக ஒன்பதாம் வரிசைக்குப் போனது. முப்பத்தோராவது இடம் காலி. எண்ணிப் பார்த்தார்கள்: இருநூற்றுப் பதினான்கு ஓட்டை. அத்தனையும் கறுப்பு வெள்ளைக்காரர்கள்.

காரணம் கண்டுபிடிக்க அரை மணிகூட ஆகவில்லை. கண்டுபிடித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் எழுதிக்கொடுக்கிற ஆர்டர் சீட்டையும் படங்களோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிடுவார்கள். சீட்டுக்கு எதற்குக் கலர் என்று அதை எப்போதும் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார்கள். அதனால் அக்கா தன்னுடைய முதல் புரோகிராமிலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: புள்ளிக்கு ஒரே எண் என்றால் அது சீட்டு, விட்டுத் தள்ளு. அந்த வரியைப் புதுப் புரோகிராமிலும் அப்படியே ஒட்டியிருந்தாள். இருநூற்றுப் பதினான்கு மனிதர்களைச் சீட்டு என்று நினைத்து விட்டுத் தள்ளியது அந்த வரிதான். சொந்த அப்பாவையே சீட்டு என்று தள்ளியிருக்கிறாள்! வேறு எந்த ஊரில் எந்த மகள் இதைச் செய்வாள், சொல்லுங்கள்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். "பாப்பா, நான் வந்துட்டேனா?"

நாற்பத்தேழு வயதுப் பாப்பா, "வந்துட்டே இருக்கீங்கப்பா" என்றாள்.

அந்த வரியை எடுத்தாயிற்று. வியாழக்கிழமை காலை இரண்டாவது மாதிரி வந்தது. பிரிண்டர்காரர் அதை மேஜைமேல் வைத்துவிட்டுத் தோள் குலுங்க நின்றார். அவர் சிரித்து அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை.

ஒன்பதாம் வரிசை, முப்பத்தோராவது இடத்தில் அப்பா இருந்தார். ஒருவர் இல்லை, நாலு பேர்! தபால்தலை அளவில், பக்கத்தில் பக்கத்தில், வெளிறிப்போய், மேலே கால்வாசியில் வரிசையாக நாலு குட்டி அப்பா. அவர்களுக்குக் கீழே ஒரு மூக்கு, ஒரு பெரிய மீசை, ஒரு டை. அந்த மீசையை ஊருக்கே தெரியும். டிப்போ மேனேஜருடையது. அகரவரிசையில் அவர் அப்பாவுக்கு முந்தின இடம்.

இன்னொரு மூலையில் ஒரு இடத்தில் முகமே இல்லை. கையெழுத்துத்தான் இருந்தது, அதுவும் நாலு தரம்: 'அவசரம். இன்றைக்கே வேண்டும்.' ஒரு கண்டக்டரின் எண்ணைத் தப்பாகப் போட்டதால் சேர்ந்துவிட்ட ஆர்டர் சீட்டு.

"இவரு எந்த ரூட் டிரைவரும்மா?" என்றார் பிரிண்டர்காரர்.

அக்காவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சீட்டை எடுத்துவிட்டு அங்கே இருக்கவேண்டிய கண்டக்டரின் படத்தைத் தேடி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அப்பா வரவேண்டும்? அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தாளை ஒளிக்க நேரமில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கி, நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"என்ன பாப்பா, மேனேஜர் நெத்தியில ஏறி உக்காந்திருக்கேன்?"

"தப்பா வந்திருக்குப்பா. சரி பண்ணிடுவேன்."

"நாலு பேரா வேற இருக்கேன்!"

"அப்பா, இந்தப் புரோகிராம் எதை எடுத்தாலும் நாலு நாலு எண்ணா எடுக்குது. உங்க படத்துல புள்ளிக்கு ஒரு எண்தான். உங்க நாலு புள்ளியை ஒரே புள்ளின்னு நெனச்சு அள்ளிப் போட்டுடுச்சு. அதான் நீங்க கால்வாசியிலயே தீந்துட்டீங்க. மிச்ச இடத்துல, முன்னாடி வந்த மேனேஜர் படத்தை நான் துடைக்காம விட்டிருக்கேன், அது அப்படியே நிக்குது."

அப்பாவுக்கு இதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "முப்பத்தொரு வருஷமா அந்த ஆபீஸ்காரங்க நம்ம தலைமேல உக்காந்தாங்க. இப்ப நாம அவங்க தலைமேல. இதை எனக்குக் குடு" என்று மாதிரித் தாளில் அந்தத் துண்டைக் கத்தரித்து வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வாசல்படியில் ஒரு தடவை நின்று, அதை எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் இறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி வந்து நின்றான். சிரிக்கவில்லை.

"அக்கா, ரெண்டு மணிக்கு மிஷின் ஓட ஆரம்பிக்கணும். அப்பதான் நாளைக்குக் காலையில வெட்டி, ஓரம் மடிச்சு, கொண்டுபோய்க் கட்ட முடியும். அதுக்குள்ள வரலைன்னா அந்த இருநூத்திச் சொச்ச இடத்துலயும் சாம்பல் கலர்ல ஒரு தலை பொம்மை வெச்சு, 'படம் இல்லை'ன்னு போட்டுடலாம்."

படம் இல்லை! முப்பத்தோரு வருஷம் கால் மட்டும் தெரிந்த மனிதருக்குக் கடைசியில் சாம்பல் கலர் பொம்மையா?

முதலாளி போனதும் பிரிண்டர்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, ஒண்ணு ஒண்ணாத் திறந்து கலர் படமா மாத்திச் சேமிச்சா வேலை முடிஞ்சுதே."

"ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்ணே. இருநூத்திப் பதினாலுக்கு ஏழு மணி நேரம் ஆகும்."

"அப்ப அப்பா படத்தை மட்டும் மாத்திடுங்க. ரெண்டே நிமிஷம். யாருக்குத் தெரியப்போவுது?"

நல்ல மனசோடு சொன்னதுதான். அக்காவின் கை மவுஸுக்குப் போனதும் உண்மைதான், பொய் சொல்வானேன். போன கையை இழுத்துக்கொண்டாள். "மத்த இருநூத்திப் பதிமூணு பேரும் வீட்ல சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டுத்தானேண்ணே இருப்பாங்க?" என்று சொல்லிவிட்டு விசைப்பலகையை முன்னால் இழுத்தாள்.

நிதானமாக எழுதினாள். முதல் காரியம், ஒவ்வொரு படமும் வருவதற்கு முன்னால் நாலு அடுக்கையும் சுத்தமாகத் துடைத்து, எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டாள். மேனேஜர் மீசை இனி யார் முகத்திலும் முளைக்காது. அடுத்தது, புள்ளிக்கு ஒரே எண் வந்தால் அதையே சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் மூன்று அடுக்கிலும் போடு. மூன்றும் ஒரே அளவாக இருந்தால் கலர் தெரியாது, கறுப்பு வெள்ளையாகவே நிற்கும். சரிதானே? சரிதான். ஓட்டினாள். மணி ஒன்று இருபது.

திரையில் சுவர் விரிந்தது. ஒன்பதாம் வரிசை, முப்பத்தோராவது இடம். காலி. வெள்ளை வெளேரென்று காலி. இருநூற்றுப் பதினான்கு இடமும் காலி.

"போச்சு" என்றார் பிரிண்டர்காரர். கையில் பிளெக்ஸ் ரோல் இருந்தது.

பத்தொன்பது வருஷம் நாற்பது நாற்பது விநாடியாகப் பொறுத்தவள் அக்கா. ஒரு மூச்சு விட்டாள். அந்த வெள்ளை இடத்தின் நடுவில், அப்பாவின் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளியைப் பிடித்து, அதற்குள் என்னென்ன எண் இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தாள்.

நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினெட்டு. பூஜ்யம்.

பக்கத்துப் புள்ளி: நூற்றிருபத்தொன்று, மூன்று தரம். பூஜ்யம். அதற்கடுத்தது: தொண்ணூற்றாறு, மூன்று தரம். பூஜ்யம்.

அக்கா நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டாள். "அண்ணே, அப்பா உள்ளதான் இருக்காரு! மூக்கு இருக்கு, கண்ணு இருக்கு, எல்லாம் இருக்கு. தெரியலை, அவ்வளவுதான்!"

"எங்கம்மா இருக்காரு?" என்று பிரிண்டர்காரர் திரையை மேலும் கீழும் பார்த்தார்.

துடைத்தபோது நாலு அடுக்கிலும் பூஜ்யம் போட்டாள் அல்லவா? மூன்றை நிரப்பினாள், நாலாவதை மறந்துவிட்டாள். 'எவ்வளவு தெரியவேண்டும்' என்கிற அடுக்கில் பூஜ்யம் நின்றுகொண்டிருந்தது. அப்பா வழக்கம்போல உள்ளே கிடந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வெளியே ஒருத்தருக்கும் தெரியவில்லை! அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஒரே ஒரு வரி சேர்த்தாள்: நாலாவது அடுக்கில் இருநூற்றைம்பத்தைந்து. முழுசாகத் தெரியட்டும்.

ஓட்டினாள். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஓட்டைகள் இருந்த இடத்தில் எல்லாம் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள், விறைத்த கழுத்துகள், காக்கிச் சட்டைக் காலர்கள். ஒன்பதாம் வரிசையில் அப்பா வந்தார். முப்பத்தைந்து வயது அப்பா, மீசையை மெல்லிசாகத் திருத்தி, கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டுபோய்.

"அட, வயசுல நல்லாத்தான்யா இருந்திருக்காரு" என்றார் பிரிண்டர்காரர். அவர் வாயிலிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக்கூடாது. ஒன்று ஐம்பதுக்கு ரோலை மாட்டினார். முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய், அக்காவுக்குத் தன் கையாலேயே டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் டிப்போச் சுவரைக் காணோம், முகங்கள்தான் இருந்தன. கூட்டம் என்றால் கூட்டம். ஆளாளுக்கு விரலை நீட்டித் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தவர்கள் கத்தினார்கள், கிடைக்காதவர்கள் மனைவியைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி கலையாமல் இருக்கவேண்டும் என்று ஆட்டோவில் சாயாமலே உட்கார்ந்து வந்த அப்பா, ஒன்பதாம் வரிசைக்கு நேராகப் போய் நின்றார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு பேருக்குச் சேர்த்துப் பேசுகிறவர் இப்படி நின்றால் மகளுக்குப் பயமாக இருக்காதா?

"என்னப்பா, சரியா வரலையா?"

அவர் பதில் சொல்வதற்குள் வாட்டசாட்டமான கிழவர் ஒருவர் வந்து அதே இடத்தை அண்ணாந்து பார்த்தார். ரொம்பக் காலம் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். "யாருய்யா இது? இந்த மூஞ்சியை நம்ம டிப்போவுல பாத்ததே இல்லையே. எத்தனாம் வருஷத்து ஆளு?" என்று அப்பாவையே கேட்டார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிதானமாக இடது காலைத் தூக்கி, குதிகாலை ஊன்றி, ஷூவை டிரைவருக்கு முன்னால் நீட்டினார். லேஸ் அவிழ்ந்திருந்தது.

டிரைவர் ஷூவைப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் ஷூவைப் பார்த்தார்.

"அட பாவி, நீயா!" என்று கத்திக்கொண்டே அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டார். இஸ்திரி போயே போயிற்று. "இருபது வருஷம் என் வண்டிக்கு அடியில கிடந்தவன்யா நீ! 'அண்ணே, பிரேக்கு ரெடி, எடுங்க'ன்னு குரல் வரும். நானும் உன் காலைப் பாத்துத்தானேய்யா பேசுவேன்! உன் பிரேக்கை நம்பித்தானேய்யா மலைப் பாதையெல்லாம் இறங்கினேன்!"

அப்பா சுவரை மட்டும் கையால் காட்டினார்.

டிரைவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, பஸ் ஹாரனே தோற்கிற குரலில் கூப்பிட்டார்.

"எல்லாரும் இங்க வாங்கடா! நம்ம மெக்கானிக்கோட மூஞ்சி கிடைச்சிருச்சு!"

வந்தார்கள். டிரைவர்களும் கண்டக்டர்களும் அவர்கள் வீட்டாருமாக ஒன்பதாம் வரிசைக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். யாரோ போனைத் தூக்கி, "நில்லுங்க, நில்லுங்க, ஒரு போட்டோ" என்றார். அக்கா தாவணி போட்ட சின்னப் பெண் மாதிரி விசும்பிக்கொண்டு, அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாமல் ஓரத்தில் நின்றாள். அப்பா கண்ணைத் துடைத்தார், காலரைச் சரிசெய்தார். பிறகு அவசரமே இல்லாமல் எல்லோருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.